பூஜ்ஜிய விகித விற்பனை: கோலாலம்பூர், பினாங்கு வியாபாரிகள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் இப்போது மதிப்புக் கூட்டு வரி கிடையாது. 2015 ஏப்ரல் 1 அன்று 6 விழுக்காட்டில் வந்த ஜிஎஸ்டி, அதாவது பொருள், சேவை வரிதான் நமக்குத் தெரிந்த மதிப்புக் கூட்டு வரி. 2018 செப்டம்பர் 1 முதல் அதன் இடத்தில் எஸ்எஸ்டி, அதாவது விற்பனை, சேவை வரி, உட்கார்ந்துவிட்டது. ஆனாலும் பூஜ்ஜிய விகிதத்தைப் பற்றிய கேள்விகள் நின்றபாடில்லை. மஸ்ஜித் இந்தியாவில் சேலை இறக்குமதி செய்பவருக்குச் சென்னை பில்லில் சந்தேகம். பட்டர்வொர்த்தில் பலகாரம் செய்து லண்டனுக்கு அனுப்புபவருக்கு அங்குள்ள வரியில் குழப்பம். பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகக்காரருக்குப் பழைய கணக்கே இன்னும் பிடிபடவில்லை. கணக்கு மேசையில் அடிக்கடி வந்து விழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பூஜ்ஜிய விகிதம் என்றால் வரியே இல்லை என்றுதானே அர்த்தம்?

வாங்குபவர் பார்வையில் அப்படித்தான். விற்பவர் பார்வையில் அப்படி இல்லை. அவருடைய விற்பனை வரிக்கு உட்பட்ட விற்பனைதான். விகிதம் மட்டும் 0. அவர் பதிவு பெற்றிருப்பார், கணக்குத் தாக்கல் செய்வார், இன்வாய்ஸ் கொடுப்பார். கடை வாடகை, பேக்கிங், லாரிக் கூலி என்று தான் வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியை முழுதாகத் திரும்பக் கேட்பார். இப்படித் திரும்பக் கேட்கும் வரிக்கு உள்ளீட்டு வரி என்று பெயர். பூஜ்ஜிய விகிதத்தின் பலன் முழுவதும் அந்த உரிமையில்தான் இருக்கிறது.

வரிவிலக்குப் பெற்ற விற்பனைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் பில்லில் வரி இல்லையே.

ஜிஎஸ்டி காலத்து 6 விழுக்காட்டை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வியாபாரி மாதம் 1,00,000 ரிங்கிட்டுக்கு விற்கிறார். வாடகை, பேக்கிங், போக்குவரத்து, இயந்திரப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்து 40,000 ரிங்கிட். அதற்கு அவர் கட்டிய வரி 2,400.

அவர் விற்பது சாதாரண விகிதப் பொருள் என்றால் வாடிக்கையாளரிடம் 6,000 வசூலித்து, தான் கட்டிய 2,400ஐக் கழித்துக்கொண்டு 3,600ஐச் சுங்கத்துறைக்குக் கட்டுவார். பூஜ்ஜிய விகிதப் பொருள் என்றால் வசூல் 0; கட்டிய 2,400 அவர் கைக்கே திரும்பி வரும். வரிவிலக்கு என்றால் வசூலும் 0, திரும்பி வருவதும் 0. அந்த 2,400 அவர் தலையில்தான்.

தலையில் விழுந்ததை யாரும் சும்மா சுமக்க மாட்டார்கள், விலையில் ஏற்றுவார்கள். ஜிஎஸ்டி காலத்தில் தனியார் கல்வி வரிவிலக்குப் பட்டியலில் இருந்தது. ரசீதில் வரி என்று எதுவும் இருக்காது. ஆனால் கட்டட வாடகைக்கும் மேசை நாற்காலிக்கும் கட்டிய வரியைத் திரும்பப் பெற வழியில்லாததால் அது கட்டணத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. "வரிவிலக்குக் கொடுத்திருக்கிறார்களே, ஏன் ஃபீஸ் ஏறியது?" என்று பெற்றோர் கேட்டதற்குப் பதில் இதுதான்.

ஜிஎஸ்டி இருந்தபோது எவையெல்லாம் பூஜ்ஜியப் பட்டியலில் இருந்தன?

அரிசி, சீனி, உப்பு, சமையல் எண்ணெய், மாவு, பச்சைக் காய்கறி, மீன், இறைச்சி, முட்டை முதலியவை. வீட்டு மின்சாரத்தில் முதல் 300 யூனிட், வீட்டுக் குழாய்த் தண்ணீர். அப்புறம் எல்லா வகை ஏற்றுமதியும். வரிவிலக்குப் பட்டியல் வேறு: குடியிருப்பு வீடு, பொதுப் போக்குவரத்து, தனியார் மருத்துவம், கல்வி, வட்டி போன்ற நிதிச் சேவைகள். பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடை ரசீதைப் பார்த்தால் அரிசிக்கு எதிரே இசட்ஆர்எல், ஊதுபத்திக்கு எதிரே எஸ்ஆர் என்று அச்சாகியிருக்கும். உள்நாட்டுப் பூஜ்ஜிய விகிதம், சாதாரண விகிதம் என்பதற்கான குறியீடுகள் அவை.

அரிசிக்கு வரி இல்லை, காய்கறிக்கு வரி இல்லை, மீனுக்கும் இல்லை. பிறகு வாழை இலைச் சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் 6 விழுக்காடு?

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த மூன்று வருடமும் அதிகம் கேட்ட புலம்பல் இதுதான். சாப்பாடு என்பது உணவகச் சேவை. அது சாதாரண விகிதம். அதோடு போனால் பரவாயில்லை. உணவகக்காரருக்கு வலித்த இடம் வேறு.

மாதம் 80,000 ரிங்கிட் வியாபாரம் செய்யும் ஓர் உணவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, காய், மீன், கோழிக்கு 35,000 செலவு. எல்லாம் பூஜ்ஜியம், எனவே கட்டிய வரி 0. வாடகை, பார்சல் டப்பா, துப்புரவுப் பொருள் 10,000; கட்டிய வரி 600. சம்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆகவே அதில் கழிக்கவும் ஒன்றுமில்லை. வாடிக்கையாளரிடம் வசூலித்தது 4,800. அதில் 600ஐக் கழித்தால் 4,200 கட்ட வேண்டும். முதலாளி திடுக்கிடுவார்: "மளிகைக்கு வரி இல்லை என்றார்களே, எனக்கு என்ன மிச்சம்?"

மிச்சம் எதுவுமில்லை. மளிகைக்கும் 6 விழுக்காடு இருந்திருந்தால் அந்த 35,000க்கு 2,100 முன்னாலேயே கட்டியிருப்பார், மாதக் கடைசியில் அதையும் கழித்துக்கொண்டு 2,100 மட்டும் கட்டுவார். எப்படிப் பார்த்தாலும் அரசாங்கத்துக்குப் போவது மொத்தம் 4,800. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் கொடுப்பதும் மாறாது. சங்கிலியின் நடுவில் விட்டுக்கொடுத்த வரி, அடுத்த ஆள் சாதாரண விகிதத்தில் விற்கும்போது முழுதாகத் திரும்பி வந்துவிடும். ஆகவே பூஜ்ஜிய விகிதம் உண்மையில் விலையைக் குறைப்பது கடைசி விற்பனையில் மட்டும்தான்: வீட்டுக்கு அரிசி வாங்கும் அம்மாவுக்கு, அல்லது எல்லை தாண்டிப் போகும் சரக்குக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் விலைப் பட்டியல் போட்ட உணவகங்கள், வசூலித்த வரியைச் செலவழித்துவிட்டுத் தாக்கல் நாளில் கையைப் பிசைந்தன.

2018 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஜிஎஸ்டியை ரத்துச் செய்துவிட்டார்களே. அந்த மூன்று மாதம் தாக்கல் செய்யச் சொன்னது ஏன்?

ரத்துச் செய்யவில்லை. தேர்தல் முடிந்து புதிய அரசாங்கம் வந்ததும் 2018 ஜூன் 1 முதல் 6 விழுக்காட்டை 0 ஆக்கினார்கள்; சட்டம் அப்படியே உயிரோடு இருந்தது. மக்கள் அதை வரி விடுமுறை என்று கொண்டாடினார்கள், கார் வாங்க வரிசையில் நின்றார்கள். கணக்கு வேலை செய்பவர்களுக்கு விடுமுறை எதுவும் இல்லை. சாதாரண விகிதப் பொருள் அனைத்தும் பூஜ்ஜிய விகிதமாகிவிட்டன, வரிவிலக்குப் பொருள்கள் வரிவிலக்காகவே நீடித்தன. பதிவு பெற்ற நிறுவனம் வழக்கம்போல் இன்வாய்ஸில் 0 விழுக்காடு என்று காட்ட வேண்டும், ஜிஎஸ்டி-03 பாரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். மே மாதம் வரை கட்டிய உள்ளீட்டு வரியை அதிலேயே கோரலாம். சட்டம் உண்மையில் நீங்கியது செப்டம்பர் 1 அன்றுதான். கடைசித் தாக்கலுக்கு அதிலிருந்து 120 நாள் கொடுத்தார்கள்.

விகிதம் 0 என்பதும் வரியே இல்லை என்பதும் வேறு வேறு என்று ஒரு நாடே ஒரே நேரத்தில் பார்த்த சந்தர்ப்பம் அது. மலேசியாவில் யாருக்காவது இந்த விஷயத்தை விளக்க வேண்டுமென்றால் நான் முதலில் எடுப்பது அந்த மூன்று மாதத்தைத்தான்.

இப்போதைய எஸ்எஸ்டியிலும் அத்தியாவசியப் பொருளுக்கு 0 விழுக்காடு என்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2025 ஜூலை 1 அன்று விற்பனை வரியை விரித்தபோது அத்தியாவசியப் பொருள்களுக்கு 0 விழுக்காடு தொடரும் என்று அறிவித்தார்கள். அந்த 0க்குப் பின்னால் திரும்பப் பெறும் உரிமை கிடையாது. எஸ்எஸ்டி ஒரே கட்ட வரி. பொருளுக்கு உற்பத்தியாளரிடம் அல்லது இறக்குமதியில் 5 அல்லது 10 விழுக்காடு, ஒரு தடவை, அவ்வளவுதான். சேவைக்குப் பொதுவாக 8 விழுக்காடு, உணவகச் சாப்பாடு போன்ற சிலவற்றுக்கு 6. ஜிஎஸ்டிபோல ஒவ்வொரு கட்டத்திலும் கட்டியதைக் கழிக்கும் ஏற்பாடு அதில் இல்லை.

ஆகவே அரிசிக் கடைக்காரர் பெரிய கட்டட முதலாளியிடம் வாடகைக்கு இருந்து, வாடகையோடு சேவை வரியும் கட்டுகிறார் என்றால், அது செலவுதான். ஜிஎஸ்டியில் அதே கடைக்காரர் அதைத் திரும்பக் கேட்டிருப்பார். எஸ்எஸ்டியின் 0 நடைமுறையில் பழைய வரிவிலக்கின் தம்பி.

ஏற்றுமதியை ஏன் எல்லா நாட்டிலும் பூஜ்ஜியமாக வைக்கிறார்கள்?

மதிப்புக் கூட்டு வரி நுகர்வு நடக்கும் நாட்டுக்குச் சேர வேண்டிய வரி என்பது உலகம் முழுக்க ஏற்ற கொள்கை. பினாங்கில் செய்த பொருளை ஒருவர் சிங்கப்பூரில் பயன்படுத்தினால் வரி சிங்கப்பூருக்கு. நம் வரியையும் ஏற்றி அனுப்பினால் அங்கே இரண்டு வரி சேர்ந்து விலை நிற்காது. அதனால் புறப்படும் நாடு 0 விகிதம் வைத்து, உள்ளே கட்டியதையும் திருப்பிக் கொடுத்துச் சரக்கைச் சுத்தமாக அனுப்புகிறது. சேரும் நாடு இறக்குமதியில் தன் வரியைப் போடுகிறது.

எஸ்எஸ்டியிலும் ஏற்றுமதிக்கு விற்பனை வரி இல்லை. பதிவு பெற்ற உற்பத்தியாளர் மூலப்பொருளை வரி இல்லாமல் வாங்க சி அட்டவணை விலக்கு இருக்கிறது. வரி கட்டிய பொருளை ஏற்றுமதி செய்பவர் நிபந்தனைகளோடு டிராபேக், அதாவது கட்டிய விற்பனை வரியைத் திரும்ப, கேட்கலாம். ஆனால் ஆடிட்டர் கட்டணம், சரக்கு முகவர் கட்டணம் போன்றவற்றில் இருக்கும் சேவை வரி திரும்பாது. ஏற்றுமதியாளர் சிலர் ஜிஎஸ்டியே தேவலாம் என்று சொல்வது இதனால்தான். அதை வெளியே சத்தமாகச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை என்பது வேறு விஷயம்.

பூஜ்ஜிய விகிதத்தில் ஏற்றுமதி செய்ததற்கு என்னென்ன ஆதாரம் வேண்டும்?

எந்த நாட்டு அதிகாரியும் கேட்பது ஒன்றே: சரக்கு உண்மையில் வெளியே போனதா, அனுப்பியவர் நீங்கள்தானா? நம் ஊரில் அதற்கு முதல் தாள் கே2, அதாவது சுங்கத்துறையின் ஏற்றுமதி அறிவிப்புப் பாரம். அதோடு கப்பல் என்றால் பில் ஆஃப் லேடிங், விமானம் என்றால் ஏர்வே பில், வாடிக்கையாளரின் ஆர்டர், இன்வாய்ஸ், வங்கியில் பணம் வந்த ஸ்டேட்மென்ட்.

தகராறு எங்கே வரும் என்றால், தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்தில். ஒரு பினாங்கு வியாபாரி பட்டர்வொர்த் முனையம் வழியாகச் சரக்கு அனுப்பினார். வேறு ஆளுடைய சரக்கோடு சேர்த்து ஒரே கண்டெய்னரில் போனது. கே2வில் அனுப்புநர் பெயராகச் சரக்கு முகவர் தன் கம்பெனிப் பெயரையே போட்டுவிட்டார். சரக்கு போனது, பணமும் வந்தது, ஆனால் தாளில் ஏற்றுமதியாளர் வேறு ஆள். இன்வாய்ஸ் எண், பெட்டி எண்ணிக்கை, எடை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முகவரிடம் உறுதிக் கடிதமும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் அதிகாரி ஒப்புக்கொண்டார். அனுப்பும் முன் கே2வின் நகலை ஒரு தடவை பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

இன்னொரு பள்ளம், எக்ஸ்-வொர்க்ஸ் விற்பனை. வாங்குபவர் தன் லாரியைக் கொண்டுவந்து உங்கள் கிடங்கிலிருந்தே ஏற்றிப் போகிறார். ஏற்றுமதித் தாள்கள் அவரிடம் இருக்கும். அவர் நகல் தராவிட்டால் உங்கள் கையில் உள்நாட்டு விற்பனை மட்டும்தான். ஒப்பந்தத்திலேயே நகல் தரும் கடமையை எழுதுங்கள், தரும் வரை வரித் தொகைக்குச் சமமான முன்பணம் வைத்துக்கொள்ளுங்கள். கெடுவையும் கவனிக்க வேண்டும்: சிங்கப்பூரில் பொதுவாக 60 நாளுக்குள் சரக்கு வெளியேற வேண்டும், பிரிட்டனில் பொதுவாக 3 மாதம்.

சேவை விற்கிறோம். வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருந்தாலே பூஜ்ஜியமா?

அது மட்டும் போதாது. சேவை எதைப் பற்றியது, யாருக்குப் பலன் என்பதையும் பார்ப்பார்கள். பக்கத்து நாட்டையே எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் இருக்கும் ஒருவர் சிங்கப்பூரில் கொண்டோ வைத்திருக்கிறார். அதைப் பராமரிக்கும் சிங்கப்பூர் நிறுவனம் அவருக்கு அந்நாட்டு ஜிஎஸ்டி 9 விழுக்காடு போட்டுத்தான் பில் அனுப்பும், ஏனென்றால் சொத்து சிங்கப்பூர் மண்ணில் இருக்கிறது. அதே நபரின் கோலாலம்பூர் வியாபாரத்துக்கு ஒரு சிங்கப்பூர் ஆலோசகர் சந்தை அறிக்கை எழுதிக் கொடுத்தால் பூஜ்ஜிய விகிதம் பொருந்தும். இருவருக்கும் வாடிக்கையாளர் ஒரே ஆள்.

சென்னையிலிருந்து சேலை வாங்குகிறேன். பில்லில் இந்திய ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். கட்ட வேண்டுமா அண்ணே?

முறையான ஏற்றுமதி என்றால் அது உங்கள் விலையில் சேரக்கூடாது. இந்தியாவில் ஏற்றுமதியும் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான விற்பனையும் பூஜ்ஜிய விகிதம். சென்னைக்காரருக்கு இரண்டு வழி: எல்யூடி என்னும் உறுதிப்பத்திரம் தாக்கல் செய்துவிட்டு வரி இல்லாமல் அனுப்பலாம், அல்லது ஐஜிஎஸ்டி என்னும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியைத் தானே கட்டிவிட்டு அங்கேயே திரும்பப் பெறலாம். இரண்டாவது வழியில் பில்லில் வரித் தொகை தெரியும், ஆனால் அதை உங்களிடமும் வாங்கிக்கொண்டு அரசாங்கத்திடமும் வாங்கிக்கொள்ள அவருக்கு நியாயமில்லை. எல்யூடி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், விலையை வரி இல்லாமல் பேசி முடியுங்கள்.

தி.நகர் கடையில் உள்ளூர்க்காரர்போல வாங்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தால் கதை வேறு. அது உள்நாட்டு விற்பனை, கட்டியது கட்டியதுதான். இங்கே இறங்கும்போது வியாபாரச் சரக்கை அறிவித்து, நம் பக்கத்து வரி எது உண்டோ அதையும் கட்ட வேண்டியிருக்கும்.

லண்டனுக்கு அப்பளமும் முறுக்கும் அனுப்புகிறேன். அங்கே உணவுக்கு வரி இல்லை என்கிறார்களே?

பிரிட்டனில் உணவு பெரும்பாலும் பூஜ்ஜிய விகிதம். குழந்தைகள் உடை, புத்தகம் கூட அப்படித்தான். ஆனால் கொறிக்கும் உருளைக்கிழங்குச் சிப்ஸ் போன்றவை 20 விழுக்காடு. எங்கே கோடு போடுவது என்று அங்கே பல வருடமாக வழக்கு நடக்கிறது. 2024ல் வாக்கர்ஸ் நிறுவனத்தின் சென்சேஷன்ஸ் பாப்படம் வழக்கில் தீர்ப்பாயம் சொன்னது: பெயர் பாப்படம் என்றாலும் இது உருளைக்கிழங்கில் செய்து பாக்கெட்டிலிருந்து அப்படியே கொறிப்பது, எனவே 20 விழுக்காடு. நம் வீட்டில் பொரித்துச் சாப்பிடும் உளுந்து அப்பளத்துக்கும் அதற்கும் வரி ஒன்றல்ல. சேர்மானத்தையும் சாப்பிடும் விதத்தையும் அங்குள்ள இறக்குமதியாளருக்கு எழுதிக் கொடுங்கள். அவர் விகிதத்தைக் கேட்டுச் சொல்லட்டும். விலை பேசுவது அதற்குப் பிறகு.

திரும்ப வரும் பணம் உடனே வருமா?

சட்டத்தில் வரும். ஜிஎஸ்டி காலத்தில் மின்னியல் முறையில் தாக்கல் செய்தால் 14 வேலை நாள் என்றார்கள். நடந்தது என்ன? 2018ல் அப்போதைய நிதியமைச்சர் லிம் குவான் எங், திருப்பித் தர வேண்டிய சுமார் 1,940 கோடி ரிங்கிட்டில் சுமார் 1,790 கோடி பற்றாக்குறை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். ஏற்றுமதியாளர்தான் இதில் முதல் பலி. உள்ளூரில் விற்பவர் வசூலித்த வரியில் கழித்துக்கொள்ளலாம். பூஜ்ஜிய விகிதத்தில் மட்டும் விற்பவரிடம் கழிக்க வசூல் இல்லை, மாதாமாதம் அரசாங்கத்தை நம்பித்தான் உட்கார வேண்டும். எந்த நாட்டில் பதிவு பெற்றாலும், குறைந்தது மூன்று மாத வரித் தொகை முடங்கிக் கிடந்தால் தாங்குமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். காலாண்டுத் தாக்கலுக்குப் பதில் மாதத் தாக்கல் கேட்டு வாங்கினால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

விற்பதெல்லாம் பூஜ்ஜிய விகிதம் என்றால் பதிவே தேவையில்லையே?

தேவை. பூஜ்ஜிய விகித விற்பனையும், பதிவைக் கட்டாயமாக்கும் ஆண்டு விற்பனை வரம்பில் சேரும். நம் ஜிஎஸ்டியில் வரம்பு ஆண்டுக்கு 5,00,000 ரிங்கிட், சிங்கப்பூரில் 10 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி. வரிவிலக்கு விற்பனை சேராது. பெரும்பகுதி பூஜ்ஜியமாக இருப்பவர்கள் சிங்கப்பூரில் பதிவிலிருந்து விலக்குக் கேட்கலாம். கேட்டால் திரும்பப் பெறும் பணத்தையும் மறந்துவிட வேண்டும்.

ஜிஎஸ்டி திரும்ப வந்தால்? இப்போதே ஏதாவது செய்து வைக்கலாமா?

மக்கள் வருமானம் உயராமல் ஜிஎஸ்டியைக் கொண்டுவர மாட்டோம் என்று பிரதமர் அன்வார் பலமுறை சொல்லியிருக்கிறார். வருமா வராதா என்று பந்தயம் கட்டுவது நம் வேலை இல்லை. செய்ய வேண்டிய ஒரே வேலை பொருள் பட்டியலைச் சுத்தமாக வைப்பது. 2015 மார்ச்சில் மளிகைக் கடைகள் திணறியது விகிதத்தால் அல்ல, கணினியில் "பலசரக்கு" என்று ஒரே தலைப்பில் அரிசி, பிஸ்கட், சூடம் எல்லாம் கிடந்ததால். ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் குறியீடு, தனி வரிப் பிரிவு. ஏற்றுமதி விற்பனைக்குத் தனிக் கணக்கு. செலவு இன்வாய்ஸில் வரித் தொகை தனிக் கட்டத்தில் பதிவு. எஸ்எஸ்டிக்கும் இதே பட்டியல் உதவும். ஆயிரம் பொருள் இருக்கும் கடை என்றால் ஆளை வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். பண்டிகைக் காலத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.